இருபது அரிசி எடை

நான்காம் மேட்டில் நூற்றுப் பதினெட்டாம் குழி மூச்சு விட ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஐந்து வாரமும் நன்மாறன் அதை மற்றக் குழிகளைப் போலவே அளந்தான், மற்றக் குழிகளைப் போலவே பதிந்தான், அடுத்த குழிக்கு நகர்ந்தான். அந்தக் குழியில் இருந்தது அவன் மனைவி.

மூச்சு என்பது வேலையிடத்துப் பேச்சு. அலுவலகக் காகிதத்தில் அதற்குக் கரிக்கசிவு என்று பெயர். உடலை எரித்தால் அதிலுள்ள கரி முழுவதும் புகையாகி வானத்துக்குப் போகிறது. வானத்தில் ஏற்கனவே இடமில்லை. எனவே காற்றுப் புகாத உலையில் வைத்து உடலைக் கரியாக்கி மண்ணில் கலந்துவிடும் முறை வந்தது. முறையாகச் சுட்ட கரி ஆயிரம் வருடம் மண்ணில் அசையாமல் கிடக்கும். தோண்டி முடித்து மூடிவிட்ட பழைய பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றி, மலை மலையாகக் குவிந்து கிடந்த செம்மண் மேடுகளை இதற்கென்று ஒதுக்கினார்கள். இங்கிருந்துதான் அவ்வளவு கரியையும் எடுத்தோம், இங்கேயே கொஞ்சம் திருப்பி வைப்போம் என்றார்கள். கட்டாயம் ஒன்றுமில்லை. உயிரோடிருக்கும்போது கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும். பெயர் கரிவைப்பு. ஆளுக்கு ஒரு முழ ஆழத்தில் குழி, ஒரு எண் பலகை, பலகையின் கீழே பெயர்.

சங்கவி இருபத்தாறு வயதில் கையெழுத்துப் போட்டாள். முப்பத்தொரு வயதில் காய்ச்சல் வந்தது. ஆறு நாள்.

நன்மாறன் கரிவைப்பு வாரியத்தில் அளவையாளன். புதன்கிழமை தோறும் நான்காம் மேட்டுக் குழிகளின் மேல் வரிசையாகக் கண்ணாடிக் குடுவையைக் கவிழ்த்து, மண்ணிலிருந்து எவ்வளவு கரிக்காற்று வெளியே வருகிறது என்று பார்ப்பான். நல்ல குழியில் குடுவையின் முள் அசையாது. நூற்றுப் பதினெட்டில் முள் முதல் வாரம் அசைந்தது. ஐந்தாம் வாரம் சிவப்புக் கோட்டைத் தாண்டியது.

மறுநாளே வாரியத்திலிருந்து அளவையாளன் பேருக்குக் கடிதம் வந்துவிட்டது. பதினைந்து நாளுக்குள் காரணம் கண்டறிந்து கசிவை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் ஆழ்வைப்பு.

ஆழ்வைப்பு என்றால் என்னவென்று நன்மாறனுக்குத் தெரியும். அவனே மூன்று குழிகளை அனுப்பியிருக்கிறான். மண்ணோடு அள்ளி, சுரங்கத்தின் அடித்தரைக்குக் கொண்டுபோய், வேறு கசிந்த குழிகளின் மண்ணோடு கலந்து, களிமண் போட்டு மூடிவிடுவார்கள். அங்கே பலகை கிடையாது. அங்கே யாரும் போக முடியாது.

அவன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேட்டுக்குப் போனான். குழியின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கரண்டியால் மண்ணைக் கீறினான். மேல் மண் ஈரமாக இருந்தது. மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது. எறும்புகள் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்துக் குழிகளில் ஒரு எறும்பு இல்லை.

யாரோ இனிப்பாக எதையோ ஊற்றுகிறார்கள்.

சனிக்கிழமை பத்தரை மணி பேருந்தில் அஞ்சலாட்சி வந்து இறங்கினாள். சங்கவியின் அம்மா. பண்ருட்டிக்குப் பக்கத்திலிருந்து வருகிறாள். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் இரண்டு லிட்டர் பால் கேன். மேட்டுப் பாதையில் மூச்சு வாங்காமல் ஏறி வந்தவள், குழி அருகே மருமகன் நிற்பதைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். பிறகு வந்தாள்.

"வாங்க மாப்ள. இன்னைக்கு உங்களுக்கு லீவு இல்லியா?"

"லீவுதான் அத்த."

"லீவுன்னா வீட்டுல படுத்துத் தூங்கலாம்ல? எளச்சுப் போயிட்டீங்க."

"இல்ல அத்த."

"இல்லன்னு நீங்க சொன்னா ஆச்சா? சட்டை சொல்லுதே." துணிப்பையிலிருந்து ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "அவிச்ச மல்லாட்ட. சூடு ஆறுறதுக்குள்ள தின்னுங்க."

அவன் வாங்கிக்கொண்டான். தின்னவில்லை.

"கேன்ல என்ன அத்த?"

"வெல்லம் கரைச்சுக் கொண்டாந்தேன். அவளுக்கு இனிப்புன்னா உசிருல்ல. வெறுங்கையா வர மனசு வர்ல."

நன்மாறன் கடிதத்தை எடுத்து வாசித்துக் காட்டினான். அலுவலக வாசகம் அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. ஆழ்வைப்பு என்றால் என்ன என்று சொன்னான். பிறகு, பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வானே, அதே மாதிரி சொன்னான்.

"மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுருங்க கோடிக்கணக்குல கெடக்கு அத்த. பசியில சுருண்டு தூங்கிட்டு கெடக்கும். கரின்னா அதுங்களுக்குக் கல்லு மாதிரி. கடிக்காது. நீங்க வெல்லத்த ஊத்துனா முழிச்சுக்குது. வெல்லத்தத் தின்னு தெம்பு வந்துருது. அந்தத் தெம்புல பக்கத்துல கெடக்கற கரியையும் கடிச்சுப் பாக்குது."

"கரின்னா, நம்ம சங்கவியவா?"

"ஆமா."

"தின்னுட்டு?"

"மூச்சா விட்டுரும். காத்தோட போயிரும்."

அஞ்சலாட்சி எண் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "முழுசாவா?"

"ஊத்திக்கிட்டே இருந்தா முழுசாத்தான்."

அவள் முகத்தில் ஏதோ ஓடியது. பயம் என்று அவன் எடுத்துக்கொண்டான். மகளைத் தானே கரைத்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தால் எந்தத் தாய்க்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தான்.

"அதனால இனிமே வேணாம் அத்த."

"சரி மாப்ள," என்றாள். "நீங்க போயி ரெஸ்ட் எடுங்க. நான் செத்த நேரம் உக்காந்துட்டு பஸ்ஸுக்குப் போறேன்."

அவன் இறங்கிப் போனான். ஊற்ற மாட்டேன் என்று அவள் சொல்லவே இல்லை என்பது புதன்கிழமைதான் உறைத்தது. முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி, அதற்கு மேலும் இன்னொரு மடங்கு தூரம் போய் நின்றது.

அன்று மாலை அவன் ஜெசிந்தாவின் ஆய்வுக்கூடத்துக்குப் போனான்.

ஜெசிந்தாவுக்கு நாற்பது வயது. கரி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. அவள் மேசைக்குப் பின்னால் ஒரு பலகையில் நான்கு சீசாக்கள் இருக்கும். நான்கிலும் கறுப்புத் தூள். புதிதாக வருகிறவர்களிடம், இதில் எது எதுவென்று சொன்னால் டீ வாங்கித் தருகிறேன் என்பாள். இதுவரை யாரும் டீ குடித்ததில்லை.

"வாய்யா நாலாம் மேடு. உன் காலு இந்தப் பக்கம் எப்படி திரும்புச்சு?"

"நூத்துப் பதினெட்டு கசியுது."

அவளுக்கு அந்த எண் யாருடையது என்று தெரியும். கிண்டலை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"எங்க மாமியார் வெல்லம் ஊத்தறாங்க. வெளிய வர்றது வெல்லத்தோட கரி மட்டுமா, இல்ல..." அவன் முடிக்கவில்லை. "பிரிச்சுச் சொல்ல முடியுமா?"

"முடியும். வெல்லம் எதுலருந்து? கரும்புதானே?"

"கரும்புதான்."

"அப்ப சுலபம்." பின்னாலிருந்து ஒரு சீசாவை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "இது விண்கல்லுத் தூள். இதுல கெடக்கற கரித்துணுக்கு சிலது நம்ம சூரியனுக்கு மூத்தது. அடுத்தது பென்சில் கரிப் பாறை. அது மலைக்கு அடியில வெந்தது. மூணாவது நம்ம சுரங்கத்துச் சரக்கு. ரெண்டு கோடி வருஷத்துக்கு முந்தி சதுப்புல அழுகுன மரம். நாலாவது போன மாசம் காட்டுல அள்ளுன இலை மண்ணு. நாலும் ஒரே பொருள்தான். வந்த வழி வேற. வந்த வழிய கரி மறக்காது. அதுதான் எனக்குச் சோறு போடுது."

"கரும்புக்கும் உடம்புக்கும்?"

"காத்துல லேசான கரியும் இருக்கு, துளி கனமான கரியும் இருக்கு. கரும்பு ரெண்டையும் அள்ளிக்கும். நெல்லுக்குக் கொஞ்சம் வீம்பு. கனமானத விட்டுட்டு லேசானதாப் பாத்து எடுக்கும். உன் சம்சாரம் சோறு தின்னு வளந்த உடம்பு. அதனால கரும்பையும் அவளையும் தராசுல பிரிச்சுரலாம்." மூன்றாவது சீசாவைக் காட்டினாள். "செம்மண்ணுல நிலக்கரித் தூசியும் கலந்து கெடக்கும். அதுக்கும் ஒரு வழி இருக்கு. ரெண்டு கோடி வருஷத்துப் பொருள்ல கதிர்வீச்சு செத்துப் போயிருக்கும். முந்தாநாள் வரைக்கும் உசுரோட இருந்ததுல சாகாது."

முந்தாநாள் என்றதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நன்மாறன் அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. கவனித்தானா என்பதே அவனுக்கு உறுதியில்லை. சங்கவி போனதிலிருந்து ஒன்பது மாதமாக அப்படித்தான்.

பேனா பருமனில் ஒரு குழாய் கொடுத்தாள். குழியின் மண்ணில் இறக்கிவிட்டால் மணிக்கொரு தரம் கொஞ்சம் காற்றை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஒரு வாரம் விட்டுவைக்கச் சொன்னாள். சனிக்கிழமை அஞ்சலாட்சி வருவாள் என்று தெரிந்தும் அவன் மேட்டுப் பக்கம் போகவில்லை. போனால் தடுக்க வேண்டியிருக்கும். தடுத்தால் எது வெளியே வருகிறது என்று தெரியாமல் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை காலை குழாயை உருவிக்கொண்டு போய்க் கொடுத்தான். கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. மத்தியானம் ஜெசிந்தா கூப்பிட்டாள். போனபோது திரையை அணைத்துவிட்டு, கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நூத்துக்குத் தொண்ணூத்தாறு வெல்லம்," என்றாள். "மூணு நிலக்கரித் தூசி. ரெண்டு கோடி வருஷமா தூங்குனத எழுப்பி விட்டுருக்காங்க உங்க மாமியாரு."

"மிச்சம் ஒண்ணு?"

"மிச்சம் ஒண்ணு சங்கவி."

அவன் அணைந்த திரையைப் பார்த்தான்.

"வாரத்துக்கு அரை கிராம் போகுது நன்மாறா. ஒரு இருபது அரிசி எடைன்னு வச்சுக்கோயேன்."

"இருபது அரிசி."

"ஆமா." அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "இன்னொண்ணு. கோவிச்சுக்காத. அது வெறும் வெல்லத் தண்ணி இல்ல. குழாயில ஒட்டியிருந்த மண்ணையும் பாத்தேன். கடலை மாவு இருக்கு. பசுஞ்சாணி இருக்கு. கோமியம் இருக்கு. மூணு நாள் நெழல்ல வச்சுக் கலக்கி, பக்குவமா ஊற வச்சது. ஜீவாமிர்தம்யா. வயலுக்கு விடுவாங்களே. மண்ண எழுப்பறதுக்குன்னே செய்யறது அது. ஆசையில யாரும் இத எடுத்துட்டு வர மாட்டாங்க."

நன்மாறனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அஞ்சலாட்சி இருபது வருடமாக மகளிர் குழு வைத்து அந்தக் கரைசலைச் செய்கிறாள். சுற்று வட்டாரத்தில் முந்திரிக்கும் பலாவுக்கும் அவள் கேன்தான் போகிறது. பள்ளிக்கூடச் சீருடையில் அந்த வாடை போகவே போகாது என்று சங்கவி எத்தனை முறை சொல்லிச் சிரித்திருக்கிறாள். அன்று குழியோரம் உட்கார்ந்தபோது அதே வாடைதான் வந்திருக்கும். ஒன்பது மாதமாக அவன் மூக்கு எதையும் அவனிடம் சொல்வதில்லை.

அவன் அப்படியே பேருந்து ஏறினான்.

அஞ்சலாட்சி வீட்டின் பின்பக்கம், பலா மர நிழலில், நீலப் பீப்பாய்கள் ஏழெட்டு நின்றன. அவள் ஒரு பீப்பாயில் நீளக் கம்பை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கம்பை நிறுத்தவில்லை.

"வாங்க மாப்ள. சொல்லாம கொள்ளாம வந்துருக்கீங்க. சாப்டீங்களா?"

"தெரிஞ்சுதான் ஊத்துனீங்களா அத்த?"

கம்பு இரண்டு சுற்று சுற்றியது.

"மண்ணு எப்படி முழிக்கும்னு எனக்கே பாடம் எடுத்தீங்க அன்னைக்கு," என்றாள். "சிரிப்பு வந்துருச்சு. அடக்கிக்கிட்டேன். பாவம், இவ்வளவு தூரம் சொல்றாரேன்னு."

"ஏன் அத்த?"

"ஏன்னா கேக்கறீங்க?" கம்பைப் பீப்பாயின் விளிம்பில் சாய்த்துவிட்டு முந்தானையில் கை துடைத்தாள். "எரிச்சிருந்தா ரெண்டு மணி நேரத்துல போயிருப்பா. மறுநாள் பால் தெளிச்சு, எலும்பு பொறுக்கி, கடலூர் கடல்ல கரைச்சுட்டு, தலை முழுகிட்டு வந்திருப்பேன். அழுது ஓஞ்சிருப்பேன். இப்ப என்ன இருக்கு எனக்கு? பஸ் ஏறி வந்தா நம்பரு. ஊறுகாய்ப் பானையில போட்டு மூடி வச்ச மாதிரி வச்சிருக்கீங்க எம் புள்ளய. ஆயிரம் வருஷம் அப்படியே இருக்குமாம்! அதக் கேட்டுட்டு எந்தப் பெத்தவளுக்காவது தூக்கம் வருமா? போன உசுரு போனதா இருக்கணும் மாப்ள. போக விடணும்."

"அவ கையெழுத்துப் போட்டா அத்த. நான் போடச் சொல்லல."

"இருபத்தாறு வயசுல போட்டா. அப்ப சாவுன்னா அவளுக்கு என்ன தெரியும்? ரத்தம் குடுத்தா பிஸ்கட் தருவாங்கன்னு போயி ரத்தம் குடுத்துட்டு வந்த மாதிரி போட்டுட்டு வந்தா."

அது உண்மைதான். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று, வாரியத்தில் கொடுத்த தொப்பியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். மண்ண வச்சுச் சம்பளம் வாங்கி மண்ணுக்குக் கடன்பட்டவன் நீதான், நான் அடைச்சுட்டேன் என்று அவன் தலையில் தொப்பியை வைத்தாள். அவன் அதை அஞ்சலாட்சியிடம் சொல்லவில்லை.

"ஆழ்வைப்புக்குக் கொண்டு போயிருவாங்கன்னு சொன்னேனே அத்த. அங்க போயிட்டா உங்களாலயும் பாக்க முடியாது. என்னாலயும் முடியாது. ஊத்தறதுக்கு மண்ணே இருக்காது."

"அதுக்குள்ள முடிச்சுரலாம்னு பாத்தேன்."

"முடிக்கறதா?"

"நீங்க சொன்ன அன்னைக்கப்பறம் ரெண்டு மடங்கு ஊத்துனேன். பக்குவமும் நல்லா வந்துச்சு. கெடுவுக்குள்ள பாதியாச்சும் போயிருப்பால்ல?"

நன்மாறன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் நிஜமாகத்தான் கேட்டாள். வயலில் பத்து நாளில் மண்ணின் நிறத்தையே மாற்றிக் காட்டுகிறவள்.

"கணக்குப் போட்டுப் பாத்தாச்சு அத்த. நீங்க ஊத்தறதுல வாரத்துக்கு இருபது அரிசி எடைதான் அவ. மிச்சம் பூரா வெல்லம்."

"சரி, அந்தக் கணக்குல எத்தன நாளு?"

"நூத்தி நாப்பது வருஷம்."

அஞ்சலாட்சி வாயைத் திறந்தபடி நின்றாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவன் ஒரு அடி முன்னால் வைத்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கெளம்பறதுன்னா அவளுக்கு எப்பவும் இழுபறிதான்! செருப்பு மாட்டுனப்பறம் ஒரு தடவ உள்ள போவா. எதையோ மறந்துட்டேம்மான்னுவா. பஸ்ஸு வளைவுல திரும்பும், இவ கண்ணாடி முன்னால நிப்பா."

"பூட்டுனப்பறமும் போவா," என்றான் நன்மாறன். "கேஸ மூடுனேனான்னு பாக்கறதுக்கு. தெனமும். தெனமும் மூடித்தான் இருக்கும்."

சொல்லி முடிக்கும்போது அவனுக்கும் ஏதோ பொங்கி வந்தது. சிரிப்பாகத்தான் தொடங்கியது. பாதியில் வேறு என்னவோ ஆனது. பலா மரத்தைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றான். அஞ்சலாட்சி கிட்டே வரவில்லை. சாணி பட்ட கையை என்ன செய்வது என்று தெரியாதவளைப் போல முந்தானையில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது ஓய்கிற வரைக்கும் துடைத்தாள்.

பிறகு ஒரு பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு, உட்காருங்க என்றாள். தானும் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு அவ அங்கயே இருக்கணும்," என்றாள்.

"ஆமா அத்த."

"எனக்கு அவ போகணும்."

"தெரியுது."

"நாளன்னைக்கு கெடு."

"ஆமா."

வேலிக்கு அப்பால் யாரோ கேன் கேட்டுக் குரல் கொடுத்தார்கள். நாளைக்கு வா என்று இவள் கத்தினாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"எவ்வளவு ஊத்துனா உங்க குடுவை கத்தாது?"

அவன் யோசித்தான். அதுவரை அந்தக் கேள்வியை அவன் கேட்டுக்கொண்டதே இல்லை. கசிந்தால் நிறுத்த வேண்டும் என்பது மட்டும்தான் அவன் படித்தது. கைப்பேசியை எடுத்துப் போட்டுப் பார்த்தான்.

"வாரத்துக்கு ஒரு தம்ளர். பெரிய தம்ளர்."

"ஒரு தம்ளருக்கு அவ எத்தன அரிசி?"

"மூணு."

"மூணு அரிசி," என்று அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். அதில் மூன்று அரிசி இருப்பதைப் போல. "அப்ப எத்தன வருஷம்?"

"தொள்ளாயிரத்துச் சொச்சம்."

"கையெழுத்துல போட்ட கணக்கு?"

"ஆயிரம்."

"அப்ப உங்க வாரியத்துக்கும் நட்டமில்ல." மூக்கை உறிஞ்சினாள். "போறான்னு எனக்குத் தெரிஞ்சா போதும் மாப்ள. மெதுவாவே போகட்டும். ஓட்டமா ஓடுன்னு நான் சொல்லல."

வியாழக்கிழமை அவன் விளக்கப் படிவத்தை எழுதினான். கசிவுக்குக் காரணம் உறவினர் ஊற்றிய கரைசல். உறவினரிடம் பேசியாயிற்று. இனி அளவோடு ஊற்றுவார். கசிவு வரம்புக்குள் இருக்கும். ஆய்வு முடிவு இணைப்பில். ஆழ்வைப்பு தேவையில்லை.

படிவத்தின் கடைசி வரி: குழியில் உள்ளவருக்கும் அளப்பவருக்கும் உறவு உண்டா? எல்லா வாராந்திரப் படிவத்திலும் அந்த வரி உண்டு. உறவு இருந்தால் அந்த மேட்டை அளக்கக் கூடாது. ஒன்பது மாதமாக ஒவ்வொரு புதனும் அவன் 'இல்லை' என்று குறித்திருக்கிறான். குடுவையைக் கவிழ்த்து முள் அசையாததைப் பார்க்கிற அந்த நாலு நிமிடத்துக்காக.

'உண்டு' என்று குறித்தான். உறவுமுறை என்ற இடத்தில் கணவர் என்று எழுதினான். அந்தச் சொல்லை எழுதி வெகு நாளாகிவிட்டது. கையெழுத்து வேறு யாருடையதோ போலிருந்தது.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. நூற்றுப் பதினெட்டாம் குழி இருக்கும் இடத்திலேயே இருக்கலாம். பொய் குறித்ததற்கு ஒரு எச்சரிக்கை. அடுத்த வாரத்திலிருந்து அவனுக்கு இரண்டாம் மேடு. நான்காம் மேட்டுக்கு வேறு ஆள். அந்த ஆளிடம் ஜெசிந்தா, நூத்துப் பதினெட்டுல எறும்பு இருக்கும், கண்டுக்காத என்று சொல்லிவைத்தாளாம்.

சனிக்கிழமை பத்தரை மணிப் பேருந்துக்கு நன்மாறன் நிறுத்தத்தில் நின்றான். அஞ்சலாட்சி கேனை அவனிடம் கொடுக்கவில்லை. தானே தூக்கிக்கொண்டு ஏறினாள். குழியருகே உட்கார்ந்து, துணிப்பையிலிருந்து ஒரு எவர்சில்வர் தம்ளரை எடுத்து, விளிம்பு வரை ஊற்றி அவன் பக்கம் நீட்டினாள்.

"நானா?" என்றான்.

"நான்தான் இத்தன வாரமா ஊத்துறேனே. நீங்க ஊத்துங்க."

அவன் வாங்கினான். புளித்த வாடை மூக்கில் ஏறியது. ஓரமாகச் சாய்த்து, மெல்ல, ஒரு சுற்றாக ஊற்றினான். மண் உறிஞ்சிக்கொண்டது. எறும்புகள் விலகி மறுபடி கூடின.

இருவரும் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப போறாளா?" என்று அஞ்சலாட்சி கேட்டாள். கோயிலில் கேட்பது போல் தாழ்ந்த குரலில்.

"இல்ல அத்த. உடனே இல்ல." ஆய்வு முடிவோடு ஜெசிந்தா தந்த, குழாய் மணிக்கு மணி பதிந்த கோடு அவனுக்கு நினைவு வந்தது. "மொதல்ல அதுங்க முழிக்கணும். முழிச்சு வெல்லத்தத் தின்னணும். அதுக்கே ஒரு நாள் ஆயிரும். அப்பறந்தான் கரிகிட்ட வரும்."

"எப்ப?"

"நாளைக்கு. மத்தியானத்துக்கு மேல. நாலு மணிக்கு ரொம்ப வரும். அப்பறம் அடங்கிரும்."

அஞ்சலாட்சி விரலை மடக்கி எதையோ எண்ணினாள். பாதியில் நிறுத்தினாள்.

"அப்ப இத்தன வாரமும் நான் பன்னெண்டர பஸ்ஸுக்குப் போயிருக்கேன்," என்றாள். "நீங்க புதன்கிழமை வந்துருக்கீங்க."

"ஆமா."

"அவ வெளிய வந்தப்ப ஒருத்தரும் இல்ல."

நன்மாறன் தம்ளரைக் கவிழ்த்து உதறினான். மேட்டுச் சரிவில் காற்று ஏறி வந்தது. எண் பலகைகளெல்லாம் லேசாகத் தட்டிக்கொண்டன. கீழே குடியிருப்பின் ஓட்டுக் கூரைகள் தெரிந்தன. மூன்றாவது அவனுடையது. பதினாறாம் நாளுக்குப் பிறகு அஞ்சலாட்சி அந்த வீட்டுக்குள் கால் வைத்ததில்லை.

"நாளைக்கு ஞாயித்துக்கிழம," என்றான். "இந்தப் பக்கம் பஸ் கெடையாது அத்த."

"தெரியும்."

"இங்கயே தங்கிருங்க."

அவள் கேனின் மூடியைத் திருகி மூடினாள். மூடியதை மறுபடி ஒரு முறை அழுத்திப் பார்த்தாள்.

"வீட்டுல அரிசி இருக்கா மாப்ள?"

"இருக்கு."

"புளி?"

"பாக்கணும்."

"பாக்கணுமா? சரிதான்." முழங்காலில் கையூன்றி எழுந்தாள். "வாங்க, போய்ப் பாப்போம்."